ஏழாம் விதியும் இல்லாத கோபுரமும்

பிரிஜெட்டுக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டாள். உட்கார்ந்து ரப்பரில் ஸ்டாம்ப் வெட்டுவாள். ஜீவனஹள்ளியில் அவள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் இது தெரியும். கேட்காமல் கொள்ளாமல் முருங்கை மரத்தை வெட்டிய வீட்டுச் சொந்தக்காரர் அவளுடைய தகரப் பெட்டிக்குள் ஆந்தையாக உட்கார்ந்திருந்தார். குழாயடியில் அவள் குடத்தை நகர்த்திவிட்டுத் தன் குடத்தை வைத்த எதிர்வீட்டுக்காரி கொக்கு. வெட்டி முடிப்பதற்குள் கோபம் ஆறிவிடும். ஆந்தையும் கொக்கும் மட்டும் மிஞ்சும். அந்த ஆந்தையை மையில் தொட்டு அட்டையில் பதித்து, கிறிஸ்துமஸுக்கு அவருக்கே வாழ்த்தாக அனுப்பியிருக்கிறாள். அவரும் ரொம்ப லட்சணமாக இருக்கிறதென்று சுவரில் மாட்டிவைத்திருந்தார், பாவம்.

இந்த வேலையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கணவன் ஓஸ்வால்ட் ஒரு கம்பெனியில் தபால் குமாஸ்தா. வருகிற கடிதம் ஒவ்வொன்றின் மேலும் தேதி ஸ்டாம்ப் குத்துவது அவன் உத்தியோகம். கல்யாணமான புதிதில், அவன் சட்டைக் கையில் ஒரு தேதி அழுத்தமாகப் பதிந்திருந்ததைத் துவைக்கிறபோது பார்த்தாள். தேதியை இப்படிப் பதிக்க முடியுமானால் ஒரு பூவைப் பதிக்க முடியாதா என்று தோன்றியது. மறுநாளே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுத்தை அழிக்கிற ரப்பர் ஒன்றை வாங்கி, பாதி பிளேடால் மல்லிகை மொட்டு ஒன்றை வெட்டினாள். அது மொட்டு மாதிரி வரவில்லை, பல் மாதிரி வந்தது. விட்டாளா? பன்னிரண்டு வருஷமாக வெட்டிக்கொண்டிருக்கிறாள்.

உடைந்த குடையின் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்கால் மாதிரி உள்ளே குழிந்திருக்கும். அதை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, நுனியை அம்மிக் கல்லில் தீட்டி, மூங்கில் பிடியில் செருகினால் ரப்பரில் வெண்ணெயில் போகிற மாதிரி போகும். ரப்பருக்கு அவள் தம்பி டொமினிக் இருந்தான். அடுகோடிப் பக்கத்தில் மோட்டார் பட்டறை ஒன்றில் வேலை. வாஷர் வெட்டியது போக மிஞ்சின தடித்த ரப்பர்த் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுப்பான். அவற்றை மரக்கட்டையில் ஒட்டிவைத்துக்கொள்வாள். சாயப் பொடியைக் கிளிசரினில் குழைத்தால் மை. பழைய தொப்பியின் கம்பளியை வெட்டித் தகர மூடியில் அமுக்கினால் மைப்பெட்டி. பச்சை, அரக்கு, மஞ்சள் என்று எந்த நிறமும் குழைப்பாள். ஊதாவை மட்டும் தொடமாட்டாள். ஊதா ஆபீஸ் மையின் நிறம். குமாஸ்தா பெண்டாட்டி ஊதா மையில் படம் போட்டால் ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாதா?

வித்தைகளும் வைத்திருந்தாள். ஒரு ஆள் ஸ்டாம்பை ஒரு தடவை மையில் தொட்டு, மறுபடி தொடாமல் நாலு தடவை பதித்தால், முதல் ஆள் கிட்டத்தில் நிற்பான், நாலாவது ஆள் தூரத்தில் மங்கலாக நிற்பான். பதித்த படத்தின் மேல் அதே அளவில் கத்தரித்த காகிதத்தை மூடிவிட்டு அடுத்ததைப் பதித்தால், அது முதல் படத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். இன்னொன்று தற்செயலாகக் கிடைத்தது. ஆயுதங்களை எல்லாம் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றால் சுற்றிக் கட்டிவைப்பது அவள் வழக்கம். ஒருநாள் மை தொட்ட கிளி ஸ்டாம்பு அந்த டியூபின்மேல் விழுந்துவிட்டது. துடைக்கலாமென்று காகிதத்தால் ஒற்றினால், இடப் பக்கம் பார்க்கிற கிளி காகிதத்தில் வலப் பக்கம் பார்த்தது. ஒரே கிளியை வைத்து ஒன்றையொன்று பார்க்கிற ஜோடிக் கிளி போடலாம்! அன்றைக்கு அவள் சந்தோஷம் தாங்காமல் ஓஸ்வால்ட் காசு கொடுத்து வாங்கிவைத்திருந்த தபால் உறையின் பின்பக்கமெல்லாம் கிளி பதித்துவிட, அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்த வட்டாரத்துக் கிறிஸ்தவர்கள் சேர்ந்த பங்குக் கோயிலுக்கு ஒரு கோபுரம்தான் உண்டு. முகப்பைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் மணிக்கோபுரம் ஓங்கி நிற்கும். இடது கைப்பக்கம் ஆள் உயரத்துக்குச் சுவர் எழும்பி, அதன்மேல் தகரம் போட்டு மூடியிருக்கும். இரண்டாவது கோபுரத்துக்கு அஸ்திவாரம் போட்டு இருபது வருஷமாகிறது. காக்ஸ் டவுன் பக்கத்து ஜனங்கள் அதற்கு ஒத்தைக்கொம்புக் கோயில் என்று பேர் வைத்துவிட்டார்கள். அந்தக் கோபுரத்துக்கு நிதி சேர்க்கத்தான் வருஷா வருஷம் நாற்பது நாள் நோன்பான தபசு காலத்துக்கு முன்னால் கோயில் பள்ளிக்கூடத்தில் சந்தை நடக்கும். பலகாரக் கடை, வளையம் எறிகிற ஆட்டம், அத்தோடு பெண்களுக்குக் கைவேலைப் போட்டி.

போன வருஷம், முப்பத்தேழில், பிரிஜெட் போட்டிக்கு ஒரு படம் கொண்டுபோனாள். தேர்ப் பவனி. ஒரே ஒரு ஆள் ஸ்டாம்பை வைத்துக்கொண்டு, கிட்டத்திலும் தூரத்திலுமாக நானூறு ஆட்கள். கமிட்டித் தலைவி பியாட்ரிஸ் அதைக் கைவேலை மேஜையில் வைக்கவில்லை. குழந்தைகள் மேஜையில், காகிதக் கப்பல்களுக்கு நடுவே வைத்தாள். மத்தியானத்துக்குள் அங்கிருந்தும் எடுத்துவிட்டாள்.

இந்த வருஷம் அறிவிப்புப் பலகையில் போட்டி விதிகளை ஒட்டியிருந்தார்கள். எப்போதும் ஆறு விதிகள். இப்போது ஏழாவது ஒன்று புதிதாகச் சேர்ந்திருந்தது: ரப்பர் ஸ்டாம்ப் கொண்டு செய்யப்பட்டவை கைவேலையாகக் கருதப்பட மாட்டா.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்த பிரிஜெட் அதை இரண்டு தடவை படித்தாள். அந்தப் பங்கிலேயே ரப்பர் ஸ்டாம்ப் வெட்டுகிற பெண் அவள் ஒருத்தி. நானூறு குடும்பம் உள்ள பங்கில் ஒருத்திக்காக ஒரு விதி! பேரைப் போட்டே எழுதியிருக்கலாம், மையாவது மிச்சமாகியிருக்கும்.

"விட்ரு பிரிஜெட்," என்றான் ஓஸ்வால்ட். "சும்மா எதுக்குப் பேஜாரு? பியாட்ரிஸ் மேடம் வீட்டுக்காரரு எனக்கு ஹெட் கிளார்க்கு. நாளைக்கு நான் அவர் மூஞ்சில முழிக்கணும்."

"தியோடர் சார் உங்களுக்குத்தான் ஹெட் கிளார்க்கு. அந்தம்மா எனக்கு இன்னா?"

ஓஸ்வால்ட் நல்ல மனுஷன், ஆனால் ஆபீஸ் பேரைச் சொன்னால் அவன் முதுகு தானாக வளைந்துவிடும். பிரிஜெட் அன்று வீட்டுக்கு வந்து ஒரு வான்கோழியை வெட்டினாள். பியாட்ரிஸுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது, கழுத்து உட்பட. ஆனால் வழக்கத்துக்கு மாறாக இந்தத் தடவை வெட்டி முடித்தும் கோபம் ஆறவில்லை.

சந்தை நாள் காலை. பள்ளிக்கூட ஹாலில் குரோஷா விரிப்பும் பாசிமணிப் பையும் வெல்வெட் தலையணையுமாக மேஜை நிறைந்து கிடந்தது. நடுவராக டிராயிங் மாஸ்டர் வெங்கடராமனைக் கூப்பிட்டிருந்தார்கள். வருஷா வருஷம் அவர்தான். பங்குக்குள்ளேயே ஒருவரை நடுவராகப் போட்டால் அடுத்த பண்டிகை வரைக்கும் பாதிப் பேர் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதால், பிராமண வாத்தியார் ஒருவர் வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவது எல்லாருக்கும் சௌகரியமாக இருந்தது.

பிரிஜெட் ஒரு கையில் போட்டிக்குச் செய்த படத்தின் சுருளும் இன்னொரு கையில் தகரப் பெட்டியுமாக உள்ளே வந்தாள். பின்னால் ஓஸ்வால்ட், சந்தைக்கு வந்தவன் மாதிரியும் வராதவன் மாதிரியும்.

பியாட்ரிஸ் காகிதச் சுருளை வாங்கவே இல்லை. "விதி படிக்கலையா பிரிஜெட்? ஏழாவது."

"படிச்சேன்க்கா. ஏன்னு கேக்கத்தான் வந்தேன்."

"இதுல கேக்க இன்னா இருக்கு? இவங்க எல்லாம் மாசக்கணக்கா கண்ணு வலிக்க வலிக்கப் பின்னிட்டு வந்திருக்காங்க. நீ கடையில ஸ்டாம்பு வாங்கிட்டு வந்து டபக் டபக்குனு குத்திட்டு வர்றே. பியூன்கூடத்தான் குத்துறான். அதுக்குப் பிரைஸா?"

"கடையில வாங்கலைக்கா. நானே வெட்டுனது."

பியாட்ரிஸ் சிரித்தாள். சுற்றி இருந்த பெண்களைப் பார்த்து, அவர்களையும் சேர்த்துக்கொண்டு சிரித்தாள். "கடையில வாங்கலைன்னா சரி. வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல ஸ்டாம்புதானே வேலை? ரப்பரும் அங்கேயே கிடைக்கும், மையும் அங்கேயே கிடைக்கும். நான் ஒண்ணும் சொல்லலைப்பா."

ஒன்றும் சொல்லவில்லையாம்! நாக்கில் நரம்பில்லாமல் ஒருவனைத் திருடன் என்று சொல்லிவிட்டு, ஒன்றும் சொல்லவில்லை என்று கையைத் துடைத்துக்கொள்கிற சாமர்த்தியம் எல்லாருக்கும் வராது. ஜன்னல் ஓரம் நின்றிருந்த தியோடர் வெளியே எதையோ கவனமாகப் பார்க்கத் தொடங்கினார். ஓஸ்வால்டின் முகம் வெளுத்துவிட்டது. பதினாலு வருஷத்தில் ஆபீஸிலிருந்து ஒரு குண்டூசி கொண்டுவந்தவன் இல்லை அவன். சட்டையில் செருகிய குண்டூசியைக்கூட மறுநாள் திருப்பிக் கொண்டுபோகிறவன். திங்கட்கிழமை இந்தப் பேச்சு ஆபீஸுக்குள் நுழைந்தால் அவன் தலையை எங்கே வைத்துக்கொள்வான்? பிரிஜெட் அவனைப் பார்த்தாள். படம் போனால் போகிறது, பரிசு போனால் போகிறது. இவன் பேரை இங்கே தரையில் விட்டுவிட்டுப் போக முடியாது.

தகரப் பெட்டியை மேஜையில் டமாரென்று வைத்தாள்.

"இங்கயே வெட்டுறேன். உங்க எல்லார் கண்ணு முன்னாடியும். இன்னா வெட்டணும்னு நீங்களே சொல்லுங்கக்கா. வெட்டிட்டா, என் வீட்டுக்காரர் ஒண்ணும் எடுக்கலைன்னு அவர் பேரைச் சொல்லி இதே இடத்துல சொல்லணும். அந்த ஏழாவது விதியையும் அடிக்கணும்."

"வெட்டலைன்னா?"

"இந்த ஹால்ல இனிமே கால் வெக்க மாட்டேன்."

பியாட்ரிஸ் டிராயிங் மாஸ்டரைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் பாக்கணும்போலத்தான் இருக்கு," என்றார். "சொல்லுங்கோ, எதையாவது."

"நம்ம கோயிலை வெட்டட்டும்," என்றாள் பியாட்ரிஸ் கையை ஜன்னல் பக்கம் நீட்டி. "அதோ தெரியுதே. மத்தியான ஜெபத்துக்கு மணி அடிக்கிறதுக்குள்ள."

மணி பதினொன்று அடித்துச் சற்று நேரமாகியிருந்தது. பிரிஜெட் டியூப் கட்டை அவிழ்த்தாள். குடைக்கம்பி உளிகள் மூன்று, பாதி பிளேடு, பென்சில். பெட்டியிலிருந்து கட்டையில் ஒட்டிய புது ரப்பர் ஒன்றை எடுத்தாள். டிராயிங் மாஸ்டர் அதைக் கையில் வாங்கி, ஒன்றும் வெட்டாத வழவழப்பான ரப்பர்தான் என்று எல்லாருக்கும் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டிலே என்றால் எண்ணெய் தடவின மெல்லிய காகிதத்தில் படத்தை வரைந்து, அதைக் குப்புறப் போட்டுக் கரண்டியால் தேய்ப்பாள். பென்சில் கோடு ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கு அந்தக் காகிதத்தைக் கொண்டுவரவில்லை. நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை. ஜன்னலில் கோயிலைப் பார்த்தாள், ரப்பரில் நேரே வரைந்தாள், வெட்டத் தொடங்கினாள்.

சந்தைக்கு வந்த கூட்டம் பாதி ஹாலுக்குள் வந்துவிட்டது. பலகாரக் கடையில் கல்கல் என்கிற இனிப்பு விற்றுக்கொண்டிருந்தவள்கூடக் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்து நின்றாள். பிரிஜெட்டுக்கு யாரும் தெரியவில்லை. கம்பி ரப்பரில் இறங்கி, நூல் நூலாக ரப்பர் எழும்பிச் சுருண்டு விழுந்தது. உளியை அசைக்காமல் கட்டையைத் திருப்பி வளைவான ஜன்னலை வெட்டினாள். முகப்பின் உச்சியில் சிலுவை. நடுவில் பெரிய கதவு. கோபுரத்தின் நாலு அடுக்கு. மறு பக்கத்து மொட்டைச் சுவரையும் அதன் தகரத்தையும் விடவில்லை. அவள் கை இந்த மாதிரி என்றைக்கும் ஓடினதில்லை. கோபத்துக்குத்தான் எவ்வளவு நல்ல கை!

முடித்துவிட்டு நிமிர்ந்தபோது பன்னிரண்டுக்கு இன்னும் கால் மணி நேரம் இருந்தது. ரப்பர் தூளை ஊதிவிட்டு, பச்சை மையில் தொட்டு, வெள்ளைக் காகிதத்தில் வைத்து உள்ளங்கையால் அமுக்கி எடுத்தாள்.

கோயில் வந்தது. கல் கல்லாகத் தெரிகிற சுவரோடும் சிலுவையோடும் அச்சு அசலாக வந்தது. கூட்டத்தில் யாரோ "அடேயப்பா" என்றார்கள்.

அப்புறம் ஒரு பெண் மெதுவாகக் கேட்டாள்: "கோபுரம் ஏன் இந்தப் பக்கம் இருக்குது?"

பிரிஜெட் படத்தைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலில் கோபுரம் வலது பக்கம். காகிதத்தில் இடது பக்கம். பார்த்ததைப் பார்த்தபடியே ரப்பரில் வரைந்துவிட்டாள். பதித்தால் திரும்பிவிடும் என்பது முதல் மாதமே படித்த பாடம். வீட்டிலே காகிதத்தைக் குப்புறப் போட்டுத் தேய்ப்பதே அதற்குத்தான். பன்னிரண்டு வருஷம் வெட்டியவள், நாலு பேர் எதிரில் வெட்டும்போது அதை மறந்துவிட்டாள்.

"இல்லாத எடத்துல கோபுரம், இருக்குற எடத்துல தகரம்!" என்றாள் பியாட்ரிஸ். ஹாலே சிரித்தது. "நல்லா வெட்டியிருக்கேம்மா, வேணாங்கலை. ஆனா இது நம்ம கோயில் இல்லியே."

ஓஸ்வால்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தான். "போலாம் வா," என்றான் காதருகே. "எனக்கு இன்னா பேர் வந்தாலும் பரவாயில்ல. வா."

அவன் அதைச் சொன்ன விதம்தான் அவளை எழவிடாமல் பிடித்து வைத்தது. பரவாயில்லையா? யாருக்குப் பரவாயில்லை? புதிதாக ஒன்று வெட்ட நேரம் இல்லை. சாமான்களை எடுத்து வைக்கலாமென்று குனிந்தவளின் கையில் அந்த டியூப் துண்டு தட்டுப்பட்டது.

கிளி ஞாபகம் வந்தது.

டியூபைப் பிளேடால் நெடுக்கக் கிழித்து விரித்தாள். உள்ளே ஒட்டாமலிருக்கத் தூவியிருந்த மாவை முந்தானையால் துடைத்தாள். வெறுங்கட்டை ஒன்றின் மேல் அதை இழுத்துப் போர்த்தி, ஓஸ்வால்டின் கையில் கொடுத்தாள். "இறுக்கிப் பிடிங்க. விடாதீங்க." அவன் ஒன்றும் புரியாமல் பிடித்தான். பச்சை மையை ஸ்டாம்புக்குத் தாராளமாகக் கொடுத்து, காகிதத்தில் வைக்காமல் டியூபின்மேல் பதித்தாள். மை காய்வதற்குள் அந்தக் கட்டையை வாங்கிக் கவிழ்த்துப் புதுக் காகிதத்தில் அழுத்தினாள். முழங்கையை ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள்.

எடுத்தபோது கோபுரம் வலது பக்கம் நின்றது. தகரம் இடது பக்கம். ஜன்னலில் தெரிகிற கோயில்தான், வெயிலில் பார்க்கிற மாதிரி கொஞ்சம் வெளிறி.

சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது.

"ஹௌதா! அப்படியா சமாசாரம்!" என்று டிராயிங் மாஸ்டர் காகிதத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனார். "எனக்கு இது தெரியாதும்மா. நெஜமா தெரியாது."

"மங்கலா இருக்கே," என்றாள் பியாட்ரிஸ்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய வாய் மங்கல் என்கிறது. பிரிஜெட் அவளை ஏறிட்டுப் பார்த்தாள். மணி இன்னும் அடிக்கவில்லை.

மூன்றாவது காகிதத்தை விரித்தாள். அதன் வலது பாதியை வேறு காகிதத்தால் மூடிவிட்டு, ஸ்டாம்பை நேராகப் பதித்தாள். கோபுரமும் முகப்பில் பாதியும் இடது பக்கம் விழுந்தன. தகரம் போட்ட மொட்டைச் சுவர் மூடிய காகிதத்தோடு போய்விட்டது. பிறகு பதித்த பாதியை மூடினாள். டியூபில் ஒற்றி, கவிழ்த்து, முகப்பின் சிலுவையோடு சிலுவை சேருகிற இடத்தைக் கண்ணால் அளந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். மூடிய காகிதத்தை உருவினாள்.

இரண்டு கோபுரம்.

சிலுவை சேர்ந்த இடத்தில் மயிரிழை இடைவெளி இருந்தது. அவள் அதைத் திருத்தவில்லை. கூட்டம் அப்படியே மேஜையின் மேல் கவிழ்ந்தது. இருபது வருஷமாகப் பலகாரம் விற்று, வளையம் எறிந்து, குரோஷா பின்னி, ஒருத்தரும் பார்க்காத கோயில். கல்கல் விற்கிறவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "எங்கப்பா பாத்திருக்கணும்," என்றாள். அவள் அப்பா அஸ்திவாரம் தோண்டினவர்.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது: "இருக்குற கோபுரம் மங்கலா இருக்குது, இல்லாத கோபுரம் பளிச்சுனு இருக்குது பாரு!"

இந்தத் தடவை சிரிப்பு கமிட்டி இருந்த பக்கம் போயிற்று. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மணி அடித்தது. எல்லாரும் நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டு ஜெபம் சொன்னார்கள். பியாட்ரிஸ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள்.

ஜெபம் முடிந்ததும் டிராயிங் மாஸ்டர், "என்னைக் கேட்டேள்னா முதல் பரிசு இதுக்குத்தான்," என்றார்.

"விதி இருக்கே சார்," என்றாள் பியாட்ரிஸ். குரல் இப்போது தேனாக இருந்தது. "அடுத்த வருஷம் பாத்து மாத்திக்கலாம். பிரிஜெட், இந்தப் படத்தைக் கமிட்டிக்குக் குடுத்துடு. கோபுர நிதிக்கு நோட்டீஸ் அடிக்கலாம், ரொம்ப நல்லா இருக்கும். கமிட்டி பேர் போட்டுக்குவோம்."

"என் பேர் போடுங்க," என்றாள் பிரிஜெட். "அதுக்கு முன்னாடி, சொன்னதைத் திருப்பி வாங்குங்க."

"நான் யாரையும் குறிப்பா ஒண்ணும் சொல்லலியே. யாரும் தப்பா எடுத்துக்க வேணாம்."

"யாரும் இல்லக்கா. இவரு. ஓஸ்வால்டுனு பேரு. பேரைச் சொல்லிச் சொல்லுங்க."

பியாட்ரிஸ் ஜன்னல் பக்கம் கணவனைப் பார்த்தாள். தியோடர் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லப்போவதில்லை என்பது பிரிஜெட்டுக்குத் தெரிந்துவிட்டது. கண் கலங்கியது, ஆத்திரத்தில்தான். இத்தனையும் செய்து என்ன பிரயோஜனம் என்று ஒரு கணம் மனம் விட்டுப்போயிற்று.

அப்போது ஓஸ்வால்ட் மேஜை மேலிருந்த ஸ்டாம்பை எடுத்தான்.

மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு நேரே வாசற்பக்கத்து அறிவிப்புப் பலகைக்கு நடந்தான். கூட்டம் வழிவிட்டது. முதுகு வளையாமல் அவன் நடந்து பிரிஜெட் அதுவரை பார்த்ததில்லை. பலகையின் முன் நின்று, திரும்பிப் பார்த்தான்.

"இது ஆபீஸ் மை இல்ல மேடம்," என்றான். குரல் ஹாலின் கடைசி வரைக்கும் கேட்டது. "பச்சை. என் பெண்டாட்டி குழைச்சது. ரப்பரு என் மச்சான் குடுத்தது. குத்துற கை மட்டும்தான் ஆபீஸ் கை."

ஸ்டாம்பை மையில் தொட்டான். லேசாக, ஒரு தடவை. ஒரு நாளைக்கு ஐநூறு கடிதத்தில் குத்துகிற கை அல்லவா? ஏழாம் விதியின் மேல் வைத்து எடுத்தான். ஒரு இடத்தில்கூட மை வழியவில்லை, ஒரு கோடுகூட விட்டுப்போகவில்லை. இல்லாத கோபுரம் பளிச்சென்று நின்றது. அதன் அடியில் விதி என்ன சொன்னதென்று இனி யாராலும் படிக்க முடியாது.

"ஓஸ்வால்ட்!" என்றார் தியோடர்.

"குட் ஆஃப்டர்நூன் சார்," என்றான் ஓஸ்வால்ட்.

முதலில் கைதட்டியது டிராயிங் மாஸ்டர். அப்புறம் கல்கல்காரி. அப்புறம் யார் யார் என்று எண்ண முடியவில்லை. பிரிஜெட் அந்தச் சத்தத்துக்குள்ளேயே பென்சிலை எடுத்து, இரட்டைக் கோபுரப் படத்தின் கீழ் தன் பேரைப் பெரிய எழுத்தில் எழுதினாள். குரோஷா விரிப்பு ஒன்றைக் கொஞ்சம் நகர்த்தி, கைவேலை மேஜையின் நடுவில் அதை வைத்தாள். சாயங்காலம் சந்தை முடிகிறவரைக்கும் யாரும் அதை எடுக்கவில்லை. எடுக்க வந்த கமிட்டிப் பெண் ஒருத்தி, சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையணையைத் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனாள். பியாட்ரிஸ் கடைசிவரை பேரைச் சொல்லவில்லை. ஆனால் வாசலில் நின்று அந்தப் பலகையைப் பார்க்காமல் அன்று யாரும் வெளியே போகவில்லை.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் ரயில்வே கேட்டைத் தாண்டினார்கள். ஓஸ்வால்டின் விரல் நுனியெல்லாம் பச்சை. அவன் அதையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"திங்கக்கிழமை கத்தப்போறாரு," என்றான் கடைசியில்.

"கத்தட்டும்," என்றாள் பிரிஜெட், அவன் பச்சைக் கையைப் பிடித்துக்கொண்டு. "கத்தி முடிச்சதும் வீட்டுக்கு வந்து, அவர் இன்னா பறவைன்னு மட்டும் சொல்லுங்க. பெட்டியில இன்னும் ரெண்டு ரப்பரு பாக்கி இருக்கு."